சார்ட்டைப் படமாக்கிப் பகிர்வது: ஓர் எளிய விளக்கம்

ஷீட்டில் எண்களைத் தட்டி, தேர்ந்தெடுத்து, இன்சர்ட் மெனுவுக்குப் போய் ஒரு சார்ட் போட்டாயிற்று. அடுத்து அதை யாருக்காவது அனுப்ப வேண்டும். அலுவலகக் குழுவுக்கோ, ஆசிரியருக்கோ, எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்கோ. இங்கேதான் பலர் திணறுகிறார்கள். முழு ஃபைலையும் அப்படியே அனுப்புகிறவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் திரையை போனில் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. இந்த இரண்டையும்விடச் சுத்தமான வழி பெரும்பாலான ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருள்களில் ஏற்கெனவே இருக்கிறது, இரண்டு கிளிக் தூரத்தில். அதைச் சொல்வதற்கு முன்னால், சார்ட் என்பது ஃபைலுக்குள் என்னவாக இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அது பிடிபட்டால், பின்னால் வரும் யோசனைகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஃபைலுக்குள் படம் கிடையாது

எக்செல் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பெயரின் கடைசியில் இருக்கும் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பல ஃபோல்டர்கள். அவற்றில் எக்ஸ்.எல் என்பதற்குள் சார்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அங்கே போனால் உங்கள் சார்ட்டின் படம் இருக்கும் என்று தோன்றும், ஆனால் இருக்காது. இருப்பது எக்ஸ்.எம்.எல் என்ற கணினிக் குறிமொழியில் எழுதிய ஒரு குறிப்பு: இது பட்டை வகை, எண்கள் இந்தச் செல்லிலிருந்து அந்தச் செல் வரை, நிறம் இது, தலைப்பு இது. கடைசியாகப் படித்த எண்களின் ஒரு பிரதியும் கூடவே இருக்கும். அவ்வளவுதான்.

நீங்கள் ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மென்பொருள் அந்தக் குறிப்பைப் படித்து, சார்ட்டைப் புதிதாக வரைகிறது. அதனால்தான் ஒரு செல்லில் எண்ணை மாற்றியவுடன் பட்டை உயர்கிறது. அதனால்தான் உங்கள் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்த சார்ட் இன்னொருவரிடம் போனதும் எழுத்து மாறி, தலைப்பு இரண்டு வரியாகி, நிறம் வேறாகித் தெரிகிறது. அவரிடம் இருக்கும் மென்பொருள், அவரிடம் இருக்கும் எழுத்துருவை வைத்து, அதே குறிப்பைத் தன் வழியில் வரைகிறது.

படமாகச் சேமிப்பது என்றால் இந்த வரைதலை ஒரு தடவை செய்து, விளைவை மட்டும் எடுத்து வைப்பது. அந்தக் கணத்தோடு எண்களுக்கும் படத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும். இனி அது மாறாது, யார் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் எண்கள் அதற்குள் இல்லை. நீங்கள் படத்தில் எழுதி வைத்தது மட்டும்தான் இருக்கும். நல்லதும் கெட்டதும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற பழைய ஸ்ப்ரெட்ஷீட்டில் இந்தப் பிரிவு கண்ணுக்கே தெரியும்படி இருந்தது. கிராஃபைத் திரையில் பார்க்கலாம், ஆனால் அங்கிருந்தபடியே அச்சடிக்க முடியாது. அதைத் தனிப் பட ஃபைலாகச் சேமித்து, பிரிண்ட்கிராஃப் என்ற வேறொரு புரோகிராமில் திறந்துதான் அச்சுக்கு அனுப்ப வேண்டும். இன்று அந்தச் சிரமம் இல்லை. இல்லாததாலேயே சார்ட் வேறு, படம் வேறு என்பது பலருக்குத் தெரியாமல் போய்விட்டது.

முழு ஃபைலை அனுப்பினால் என்ன?

பெறுகிறவர் எண்களை வைத்து வேலை செய்யப் போகிறார் என்றால் ஃபைலைத்தான் அனுப்ப வேண்டும், சந்தேகமில்லை. பார்க்க மட்டும்தான் போகிறார் என்றால் படம் போதும். அதில் வசதி மட்டுமில்லை, பாதுகாப்பும் இருக்கிறது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாதது அதிகம். மறைத்து வைத்த ஷீட், மறைத்து வைத்த நெடுவரிசை, ஃபில்டரில் ஒதுங்கிய வரிகள் எல்லாம் ஃபைலோடு சேர்ந்தே போகும். வட அயர்லாந்துக் காவல்துறை 2023 ஆகஸ்டில் ஒரு தகவல் கோரிக்கைக்குப் பதிலாக ஓர் எக்செல் ஃபைலை வெளியிட்டது. கேட்கப்பட்டது எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. ஆனால் ஃபைலில் மறைந்திருந்த ஒரு ஷீட்டில் அங்கே பணிபுரியும் 9,000-க்கும் மேற்பட்டவர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி ஆகியவை இருந்தன. அச்சுறுத்தலுக்கு நடுவே வேலை பார்க்கும் காவலர்களின் விவரம் அது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. எண்ணிக்கையை மட்டும் காட்டும் ஒரு படமாக அது போயிருந்தால் ஒளிந்துகொள்ள அங்கே இடமே இருந்திருக்காது.

இதே ஆபத்து இன்னும் சத்தமில்லாமல் வரும் இடம் ஒன்று உண்டு: எக்செல் சார்ட்டை காப்பி செய்து வேர்டிலோ பவர்பாயின்ட்டிலோ பேஸ்ட் செய்வது. பார்க்கப் படம் ஒட்டியது போலத்தான் இருக்கும். ஆனால் பேஸ்ட் செய்யும்போது வரும் சின்ன மெனுவில் 'எம்பெட் ஒர்க்புக்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் சார்ட்டுக்குப் பின்னால் உங்கள் ஒர்க்புக், அதாவது எக்செல் ஃபைல், முழுவதும் சேர்ந்துவிடும். பெறுகிறவர் 'எடிட் டேட்டா' என்று அழுத்தினால் எல்லா ஷீட்டும் திறக்கும். 'லிங்க் டேட்டா' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒர்க்புக் கூடப் போகாது, ஆனால் சார்ட் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கும். வெளியாட்களுக்குப் போகும் எந்த ஆவணத்திலும் அதே மெனுவில் கடைசியில் இருக்கும் 'பிக்சர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே இந்தக் கட்டுரை தன் வேலையைச் செய்துவிட்டது என்று நினைப்பேன்.

சேமிக்கும் வழிகள்

எக்செல்லில் சார்ட்டின் ஓரமாக ரைட் கிளிக் செய்தால் வரும் மெனுவில் 'சேவ் அஸ் பிக்சர்' என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தி, பெயர் கொடுத்து, வகையைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. மெனுவில் அந்த வரியே இல்லை என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் பட்டையின் மீதோ எழுத்தின் மீதோ கிளிக் செய்திருப்பார்கள். அப்போது அந்தப் பட்டைக்கான மெனுதான் வரும். சார்ட்டின் எல்லைக்கு உள்ளே, எதுவும் வரையப்படாத வெற்று மூலையில் கிளிக் செய்ய வேண்டும்.

மிகப் பழைய எக்செல் பதிப்புகளில் இந்த வரி இருக்காது. அங்கே சார்ட்டை காப்பி செய்து, பெயின்ட் போன்ற ஏதாவது ஒரு படச் செயலியில் பேஸ்ட் செய்து சேமிக்கலாம். ஹோம் பகுதியில் காப்பி பட்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் 'காப்பி அஸ் பிக்சர்' என்றும் ஒன்று வரும். சார்ட்டோடு பக்கத்தில் இருக்கும் அட்டவணையும் சேர்ந்து ஒரே படமாக வேண்டும் என்றால், செல்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதைப் பயன்படுத்தலாம்.

கூகுள் ஷீட்ஸில் சார்ட்டை ஒருமுறை கிளிக் செய்தால் வலது மேல் மூலையில் மூன்று புள்ளிகள் தெரியும். அதில் 'டவுன்லோட்' என்று போனால் மூன்று வகைகள் வரும்: பி.என்.ஜி., பி.டி.எஃப்., எஸ்.வி.ஜி.

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் சார்ட்டை ஒரே ஒருமுறை கிளிக் செய்து, ரைட் கிளிக்கில் 'எக்ஸ்போர்ட் அஸ் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு முறை கிளிக் செய்தால் அது திருத்தும் நிலைக்குப் போய்விடும், மெனுவும் மாறிவிடும். வெளியே கிளிக் செய்து மறுபடி தொடங்குங்கள். கால்க்கில் ஒரு பெரிய நன்மை உண்டு: பி.என்.ஜி.யாகச் சேமிக்கும்போது அகலம், உயரம், அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி) என்று கேட்கும். இந்தக் கேள்வியை எக்செல் கேட்பதில்லை. ஏன் அது முக்கியம் என்று கீழே வருகிறது.

ஆப்பிள் நம்பர்ஸ் பயன்படுத்துகிறவர்கள் சார்ட்டை காப்பி செய்து, பிரிவ்யூ செயலியில் ஃபைல் மெனுவுக்குப் போய் 'நியூ ஃப்ரம் கிளிப்போர்டு' கொடுத்துச் சேமிக்கலாம்.

சரி, ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஆகாதா? ஆகும். விண்டோஸில் விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், 4. போனில் வேலை செய்கிறவர்களுக்கு இதுதான் பெரும்பாலும் எளிதான வழி, போன் திரையில் பிக்சல்கள் நெருக்கமாக இருப்பதால் தெளிவும் குறையாது. கம்ப்யூட்டரில் எடுப்பதானால் ஷீட்டின் ஜூமை 200 சதவீதத்துக்கு ஏற்றிவிட்டு எடுங்கள், எழுத்து கூர்மையாக வரும்.

ஒரே எச்சரிக்கை, முழுத் திரையை எடுத்துவிட்டுப் பிறகு வெட்டாதீர்கள். பக்கத்து ஷீட்டின் பெயர், மேலே ஃபைல் பெயர், திறந்திருக்கும் மற்ற விண்டோ எல்லாம் அதில் விழுந்திருக்கும். வெட்டிவிட்டால் போய்விடும் என்றும் எப்போதும் நம்ப முடியாது. கூகுள் பிக்சல் போன்களின் ஸ்கிரீன்ஷாட் திருத்தும் கருவியிலும், விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் வெட்டி நீக்கிய பகுதியின் தரவு ஃபைலின் வாலிலேயே தங்கிவிடும் குறை ஒன்று இருந்தது 2023 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு சரிசெய்தார்கள். எடுக்கும்போதே சார்ட்டை மட்டும் எடுத்துவிட்டால் இந்தக் கவலையே வேண்டாம்.

எந்த வகையில் சேமிப்பது?

சேமிக்கும் பெட்டியில் பி.என்.ஜி., ஜேபெக், ஜிஃப், பி.எம்.பி., எஸ்.வி.ஜி. என்று ஒரு வரிசை வந்து நிற்கும்போது எதை எடுப்பது என்று குழப்பம் வரும். தொடக்கத்தில் பி.என்.ஜி. என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது.

1992-இல் தரமாக வகுக்கப்பட்ட ஜேபெக், போட்டோக்களுக்கென்றே உருவானது. அது படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நம் கண் அவ்வளவாகக் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடும். முகம், வானம், மரம் போன்றவற்றில் நிறம் மெல்ல மெல்ல மாறுவதால் கழிந்தது தெரியாது. சார்ட் அப்படியில்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து, பளிச்சென்று வெட்டிய பட்டை ஓரம், மெல்லிய கோடு. இந்தக் கூர்மையான மாற்றங்களில்தான் ஜேபெக் தடுமாறும். எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலப் புள்ளிகள் தெரியும். திறந்து திருத்தி மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுக்கு கூடும்.

பி.என்.ஜி. 1996-இல் வந்தது. அதற்கு முன்னால் பரவலாக இருந்த ஜிஃபில் 256 நிறங்கள்தான் வரும், அதன் சுருக்கும் முறைக்குக் காப்புரிமைச் சிக்கலும் இருந்தது. அதற்கு மாற்றாகத்தான் பி.என்.ஜி.யைக் கொண்டுவந்தார்கள். அது எதையும் கழிப்பதில்லை. ஒரே நிறம் நீண்ட தூரம் ஓடினால் அதைச் சுருக்கமாக எழுதிவைக்கத் தெரிந்த முறை என்பதால், சார்ட் போன்ற படங்களில் ஃபைலும் சிறியதாகவே இருக்கும். பல நேரங்களில் அதே சார்ட்டின் ஜேபெக்கைவிடச் சிறியது. தரமும் கூட, அளவும் குறைவு என்று இரண்டும் ஒரே பக்கம் அமைவது அபூர்வம், இங்கே அமைந்திருக்கிறது.

எஸ்.வி.ஜி. முற்றிலும் வேறு இனம். அதில் பிக்சல்களே இல்லை. இங்கிருந்து அங்கே ஒரு கோடு, இந்த இடத்தில் ஒரு செவ்வகம் என்ற வரைதல் கட்டளைகள்தான். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. சுவரொட்டிக்கோ, புத்தகத்துக்கோ, இணையதளத்துக்கோ போகும் சார்ட்டுக்கு இதுவே சிறந்தது. வேர்டு, பவர்பாயின்ட்டின் புதிய பதிப்புகள் இதை ஏற்கும். இங்க்ஸ்கேப் போன்ற வரைகலைச் செயலிகளில் திறந்து ஒவ்வொரு பட்டையையும் தனியாகத் திருத்தவும் செய்யலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாகத் தெரியாது. மின்னஞ்சலிலும் சந்தேகம்தான்.

தமிழில் எழுதுகிறவர்கள் எஸ்.வி.ஜி.யில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்துகள் அதற்குள் எழுத்தாகவே பதிந்திருக்கலாம். திறக்கும் கம்ப்யூட்டரில் நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். அகலம் மாறி, ஒரு சொல் அடுத்ததன்மேல் ஏறும். பாமினி போன்ற பழைய வகை எழுத்துருவில் தட்டியிருந்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். பி.என்.ஜி.யில் இந்தப் பிரச்சினை வராது. எழுத்தின் உருவம் பிக்சல்களாக உறைந்துவிடுவதால் எழுத்துருவே இல்லாத கருவியிலும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

அளவு: சின்னப் படம் ஏன் மங்குகிறது?

கேள்விகளிலேயே அதிகம் வருவது இது. 'என் திரையில் தெளிவாக இருக்கிறது, அச்சடித்தால் மங்கலாக வருகிறது.'

எக்செல் புதிதாகப் போடும் சார்ட்டின் வழக்கமான அளவு 5 அங்குல அகலம், 3 அங்குல உயரம். கம்ப்யூட்டர் திரைக்குப் பொதுவாகக் கணக்கில் எடுப்பது அங்குலத்துக்கு 96 பிக்சல். பெருக்கினால் 480-க்கு 288. நீங்கள் எதையும் மாற்றாமல் சேமித்தால் ஏறத்தாழ இந்த அளவில்தான் படம் கிடைக்கும். இன்றைய போன் திரைகளில் சாதாரணமாகவே குறுக்கே 1,080 பிக்சல் இருக்கிறது. 480-ஐ 1,080-ஆக இழுத்தால் மங்கத்தான் செய்யும். அச்சுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கம். அதே 5-க்கு 3 அங்குலத்துக்கு 1,500-க்கு 900 பிக்சல் தேவை. கையில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அகலம்.

தீர்வு என்ன? சேமித்த படத்தைப் பிறகு இழுத்துப் பெரிதாக்குவதில் பயனில்லை, இல்லாத பிக்சலை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. சேமிப்பதற்கு முன்னால் சார்ட்டையே ஷீட்டில் பெரிதாக்குங்கள். மூலையைப் பிடித்து இழுத்தால் போதும், அல்லது ஃபார்மேட் பகுதியில் அகலம், உயரத்தை எண்ணாகக் கொடுக்கலாம். 15-க்கு 9 அங்குலம் என்று வைத்தால் சுமார் 1,440-க்கு 864 பிக்சல் வரும். ஆனால் சார்ட் பெரிதாகும்போது எழுத்து தானாகப் பெரிதாவதில்லை. பெரிய வெள்ளைப் பரப்பில் பொடி எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். சார்ட்டைத் தேர்ந்தெடுத்தபடியே ஹோம் பகுதியில் எழுத்தளவைக் கூட்டும் பட்டனைச் சில தடவை அழுத்துங்கள், எல்லா எழுத்தும் ஒன்றாக வளரும். கூகுள் ஷீட்ஸிலும் இதே கதைதான், சார்ட்டைப் பெரிதாக இழுத்துவிட்டு டவுன்லோட் செய்ய வேண்டும். கால்க்கில் நேரடியாக 300 என்று கொடுத்துவிடலாம்.

அச்சகத்துக்குப் போவதென்றால் நான் பி.டி.எஃப்.பைத்தான் சொல்வேன். எக்செல்லில் சார்ட்டை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் அந்தச் சார்ட் மட்டும் ஒரு முழுப் பக்கத்தில் வரும். எஸ்.வி.ஜி. போலவே இதுவும் கோடுகளாகப் பதிவதால் மங்காது, எழுத்துருவையும் தன்னோடு எடுத்துப் போகும்.

சேமிப்பதற்கு முன் சார்ட்டில் பார்க்க வேண்டியவை

எந்த மெனு, எந்த வகை என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதி. ஷீட்டில் இருக்கும்போது ஒரு பட்டையின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அதன் எண் தெரியும். சந்தேகம் வந்தால் பக்கத்துச் செல்லைப் பார்க்கலாம். ஷீட்டின் பெயரே எந்த ஆண்டு என்று சொல்லிவிடும். படமாகிவிட்டால் இந்தத் துணைகள் ஒன்றும் கிடையாது. இரண்டு குழுக்கள் தாண்டி யாரோ ஒருவர் கையில் அந்தப் படம் தனியாக நிற்கும்போது, அவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் படத்துக்குள்ளேயே பதில் இருக்க வேண்டும்.

அதனால் தலைப்பு வெறுமனே 'விற்பனை' என்று இருக்கக் கூடாது. எதன் விற்பனை, எந்தக் காலம் என்று இருக்க வேண்டும். எண்களைக் காட்டும் அச்சுக்கோட்டில் (ஆக்சிஸ்) அலகு வேண்டும்: 40 என்றால் 40 பேரா, 40 ஆயிரமா, 40 சதவீதமா? முக்கியமான எண்களைப் பட்டை மேலேயே எழுதிவிடுங்கள், 'டேட்டா லேபிள்ஸ்' என்ற வசதி அதற்குத்தான். எல்லாப் புள்ளியிலும் எழுதினால் நெரிசலாகிவிடும். கோட்டு வகைச் சார்ட்டில் முதல், கடைசி, உச்சம், பள்ளம் போதும். கீழே சிறிய எழுத்தில் தரவு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதி நிலவரம் என்று ஒரு வரி. உறைந்த படம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. தேதி இல்லாத சார்ட் ஓராண்டு கழித்தும் இன்றைய நிலவரம் போலச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஃபில்டர் போட்டிருக்கிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். மறைந்திருக்கும் வரிகளை எக்செல் வழக்கமாகச் சார்ட்டில் காட்டாது. ஃபில்டரை எடுக்க மறந்து சேமித்தால் பாதித் தரவு மட்டும் படமாகும், பார்க்கிறவருக்கு அது தெரிய வழியே இல்லை.

பூஜ்ஜியத்தையும் பாருங்கள். எண்களுக்குள் வித்தியாசம் குறைவாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்ஜியத்துக்கு மேலே எங்கிருந்தாவது தொடங்கிவிடும். 94, 96, 99 என்று மூன்று எண்கள் இருக்கின்றன, அச்சு 90-இலிருந்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டையின் உயரம் 4 அளவு, மூன்றாவது 9 அளவு. கண்ணுக்கு இரண்டு மடங்குக்கும் மேலான வளர்ச்சி, உண்மையில் ஐந்து சதவீதத்தை ஒட்டிய வளர்ச்சி. ஷீட் கையில் இருப்பவர் எண்ணைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். படம் மட்டும் கையில் இருப்பவர் உங்களை நம்புகிறார். பட்டை வகை என்றால் அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்குவது அந்த நம்பிக்கைக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

நிறங்களில் சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைப்பதைத் தவிர்த்தால் நல்லது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிவது கடினம். மற்ற மக்களிடமும் வெவ்வேறு அளவில் இது உண்டு. கறுப்பு வெள்ளையில் அச்சடித்தால் எல்லோருக்குமே கடினம். எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லெஜண்டைத் தனியே ஓரத்தில் வைப்பதற்குப் பதில், அந்தந்தக் கோட்டின் நுனியிலேயே பெயரை எழுதிவிட்டால் நிறத்தை நம்பியிருக்கத் தேவையில்லை.

தமிழ் லேபிள்களுக்கு ஒரு தனி யோசனை. நம் சொற்கள் நீளம். நின்ற பட்டைகளின் கீழே எழுதினால் எக்செல் அவற்றைச் சாய்த்துவிடும், சில நேரம் ஒன்றுவிட்டு ஒன்றை மறைத்தும்விடும். அப்போது படுத்த பட்டை வகைக்கு மாறுங்கள். ஒவ்வொரு பெயரும் இடப்பக்கத்தில் நேராக, முழுதாக நிற்கும். எழுத்துரு நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போல யூனிகோடில் தெளிவாக இருப்பதாக இருக்கட்டும். ஒற்றுப் புள்ளிகளும், கி, கீ போன்றவற்றின் மேல்விலங்குகளும் சின்ன அளவில்தான் முதலில் மறையும். அதனால் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட ஒரு படி பெரிய எழுத்தளவு வைப்பது என் வழக்கம்.

பின்னணியை 'நோ ஃபில்' என்று வைத்திருந்தால் வெள்ளையாக மாற்றுங்கள். பி.என்.ஜி.யில் நிறமில்லாத இடம் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். பெறுகிறவர் கறுப்புப் பின்னணியில் திறந்தால் கறுப்பு எழுத்து அப்படியே காணாமல் போய்விடும்.

அனுப்பும்போது

இவ்வளவு பார்த்துச் செய்த படத்தைக் கடைசியில் கெடுப்பது பெரும்பாலும் அனுப்பும் செயலிதான். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி ஜேபெக்காக மாற்றிவிடும், மேலே சொன்ன அழுக்குப் புள்ளிகள் எல்லாம் வந்து சேரும். இணைப்புக் குறியை அழுத்தி 'டாக்குமென்ட்' வழியாக அனுப்பினால் ஃபைல் இருந்தபடியே போகும். டெலிகிராமிலும் ஃபைலாக அனுப்பும் வசதி உண்டு. அவசரத்துக்குப் போட்டோவாக அனுப்பினாலும் எழுத்து பெரிதாக இருந்தால் படிக்க முடியும். எழுத்தளவில் தாராளமாக இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இணையதளத்தில் ஏற்றினால் ஆல்ட் டெக்ஸ்ட் என்ற பெட்டியை நிரப்புங்கள். எக்செல்லிலேயே எழுதியிருந்தாலும் படக்கோப்போடு அது கூட வராது. திரையைக் குரலாகப் படிக்கும் கருவியை நம்பியிருக்கும் பார்வையற்ற வாசகருக்கு அந்த வரிதான் சார்ட். 'பட்டை வரைபடம்' என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்தச் சார்ட் என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள்.

ஒரே ஃபைலில் இருபது, முப்பது சார்ட் இருந்தால் ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்ய வேண்டாம். எக்செல்லில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அதை 'வெப் பேஜ்' வகையில் சேமித்தால் பக்கத்தில் ஒரு ஃபோல்டர் உருவாகும். உள்ளே எல்லாச் சார்ட்டும் தனித்தனிப் படங்களாகக் கிடக்கும். நகலில் செய்வது அவசியம். அசல் ஃபைலிலேயே செய்தால் அதற்குப் பிறகு நீங்கள் திருத்துவது எல்லாம் வெப் பேஜில் சேரும். மாதா மாதம் இதே வேலை வருகிறவர்கள் வி.பி.ஏ. மேக்ரோவில் (எக்செல்லுக்குள் எழுதும் சிறு நிரல்) எக்ஸ்போர்ட் என்ற கட்டளையைக் கற்றுக்கொள்ளலாம், சில வரிகளில் முடிந்துவிடும்.

படம் அடிக்கடி மாற வேண்டியதாக இருந்தால் மட்டும் படக்கோப்பு சரியான வழி இல்லை. கூகுள் ஷீட்ஸில் அதே மூன்று புள்ளி மெனுவில் 'பப்ளிஷ் சார்ட்' என்று ஒன்று உண்டு. அது தரும் இணைப்பைத் திறப்பவர்களுக்கு எண்கள் மாற மாறச் சார்ட்டும் மாறித் தெரியும். அந்த இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் திறக்கும் என்பதால், பொதுவில் வைக்கக்கூடிய தரவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.